ததேயுஸ் வீட்டு ஓய்வுநாள்

பெரிய தீர்மானம் எதையும் ததேயுஸ் குளியலறை வாசலில் வைத்துத்தான் அறிவிப்பார். வீட்டில் மற்ற இடமெல்லாம் மனைவி செசிலியின் ஆட்சிக்கு உட்பட்டது. அன்றைக்கும் இடுப்பில் துண்டோடு, காதில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டு சொன்னார்.

"ஏட்டி செசிலி, இந்த வாரம் தொட்டு நம்ம வீட்டுல சப்பாத் உண்டு. வெள்ளிக்கிழமை சூரியன் அடைஞ்சா சனிக்கிழமை சூரியன் அடையது வர ஒரு வேலையும் கெடையாது."

செசிலி மீன் சட்டியைக் கழுவிக்கொண்டே, "காதத் தொடைங்க" என்றாள்.

முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். அங்கே மீன்பிடி வள்ளங்களுக்கு எஞ்சின் பார்க்கிற மெக்கானிக் ததேயுஸ். பாவம், மனுஷனுக்கு அலுப்பு. படுத்தால் போகிற அலுப்பு என்றால் படுத்திருப்பார். இது படுத்து எழுந்தால் கூடுகிற அலுப்பு. வாரம் முழுக்க மண்ணெண்ணெய், கிரீஸ், முதுகுவலி. சனிக்கிழமை வள்ளமெல்லாம் கடலில் கிடக்கும், பட்டறையில் வேலை கொஞ்சம்தான். ஆனால் சனிக்கிழமை அவர் முழுக்க முழுக்க செசிலியின் உடைமை. தேங்காய் உரிக்க, தண்ணீர்த் தொட்டி கழுவ, குளச்சலில் இருக்கும் மாமியாருக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்க, கொடுத்துவிட்டு மாமியாரின் மூட்டுவலிக் கதையை மூட்டு மூட்டாகக் கேட்க.

இந்த நிலைமையில்தான் போனில் ஒரு சகோதரர் பேசுவதைக் கேட்டார். மார்த்தாண்டம் பக்கத்தில் நாலைந்து குடும்பம் ஜெபத்துக்குக் கூடுகிற ஒரு வீட்டிலிருந்து பேசுகிறவர். மேசியாவாகிய இயேசுவே தோரா என்கிற மோசேயின் சட்டத்தைக் கைக்கொண்டு நடந்தவர், சனிக்கிழமைதான் ஜெப ஆலயத்துக்குப் போனார், அவர் பின்னால் போகிற நமக்கு மட்டும் எதற்கு விதிவிலக்கு என்று கேட்டார். ததேயுஸ் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். நியாயமான கேள்வி. பொய் சொல்லக்கூடாது, அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் மனுஷனைப் பார்த்து, கொஞ்சம் சும்மா இருடா என்று சொல்லியிருக்கிறார்! இத்தனை நாள் யாருமே இதைச் சொல்லித் தரவில்லையே!

கலங்கின கண்ணுக்குள்ளேயே இன்னொரு யோசனையும் ஓடியது. சனிக்கிழமை சப்பாத். ஞாயிற்றுக்கிழமை கடற்கரை முழுக்கக் கோயிலுக்குப் போகும், ஒரு வள்ளமும் இறங்காது, பட்டறை தானாகவே லீவு. ஆக ரெண்டு நாள் ஓய்வு. விசுவாசம் முந்தியா அலுப்பு முந்தியா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

காதைத் துடைத்துவிட்டு வந்ததும் செசிலி விசாரணையைத் தொடங்கினாள்.

"ஒரு வேலையும் செய்யக்கூடாது, அப்படித்தானே?"

"கூடாது."

"யாருக்கெல்லாம் அந்தக் கட்டளை?"

"மகன், மகள், வேலக்காரன், வேலக்காரி, மாடு, வீட்டுக்கு வந்த அந்நியன் வரைக்கும் உண்டு."

"பெண்டாட்டி?"

இந்த இடத்துக்குத்தான் ததேயுஸ் காத்திருந்தார். வரியை நாலு தடவை படித்து வைத்திருந்தார். "பெண்டாட்டியப் பத்தி அங்க ஒண்ணும் எழுதல்ல. நான் என்ன செய்ய? நானா எழுதுனேன்?"

"மாட்டுக்கு உண்டு."

"மாட்டுக்கு உண்டு."

"எனக்கு இல்ல."

"எழுத்து அப்படி."

செசிலி சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். அவள் கையைத் துடைத்தால் ததேயுஸ் ஒரு அடி பின்னால் போய்விடுவார்.

"நம்ம கல்யாணத்துல சாமியார் என்ன சொன்னாரு? புருசனும் பெண்டாட்டியும் ஒரே ஒடம்புன்னு சொன்னாரா, இல்லியா?"

"சொன்னாரு."

"அதும் வேதத்துல உள்ளதுதானே?"

"உள்ளதுதான்."

"அப்போ நீங்க கட்டில்ல கெடந்து சப்பாத் கொண்டாடும்போ நான் அடுக்களையில நின்னு அடுப்பு பத்த வச்சா, உங்களுக்க ஒடம்புல பாதி கட்டளைய மீறுதுல்லா? பாதி ஒடம்போட நீங்க பரலோகம் போவியளா?"

ததேயுஸ் போனை எடுத்துத் தேடிப் பார்த்தார். மார்த்தாண்டத்துச் சகோதரர் இந்தக் கேள்வியைத் தொடவே இல்லை.

வெள்ளிக்கிழமை அவர் கணவாய் வாங்கிவரச் சொன்னார். செசிலி சாளை மீன், அதாவது மத்தி, வாங்கி வந்தாள். செதிலும் துடுப்பும் இல்லாத மீன் ஆகாது என்று அதே வேதத்தில் இருக்கிறதாம். கணவாய் போச்சு. சுறாப் புட்டு போச்சு. றால், நண்டு, திருக்கை, எல்லாம் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன. கடற்கரையில் பிறந்த ஒரு மனுஷன் நண்டு இல்லாமல் எப்படி உயிர் வாழ்வான்? ததேயுஸ் சாளையைப் பார்த்தார். சாளைக்கு நிறையச் செதில் இருந்தது.

மறுநாள் காலையில், "செசிலி, சாயா" என்று பழக்கதோஷத்தில் கூப்பிட்டார்.

கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த செசிலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நெருப்பு மூட்டக்கூடாது. கட்டளை."

"சாயா ஒரு வேலையாட்டி?"

"போடுகவளுக்கு வேலதான்."

பழஞ்சோறும் முந்தின நாள் சாளைக் கறியும் சாப்பிட்டார். மத்தியானமும் அதே. சாயந்திரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. சாயா குடிக்காத தலைவலி. செசிலியைக் காணோம். தேடிப்போனால் கடற்கரைப் பாறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் கூடை இல்லை, சட்டி இல்லை, விளக்குமாறு இல்லை. ததேயுஸ் அவளை இந்தக் கோலத்தில் பார்த்ததே கிடையாது.

"இங்க என்ன செய்யிய?"

"ஒண்ணும் செய்யல்ல" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. "கடலு நல்லாத்தான் இருக்கு, இல்லியா? இத்தன வருசமா இங்கயேதான் கெடந்திருக்கு."

ததேயுஸுக்கு மனம் இளகியது. தலைவலியும் கூடியது. போகட்டும், நாளைக்கு ஞாயிறு, சாயாவும் உண்டு ஓய்வும் உண்டு என்று தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வாசலில் தடாலென்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக் கபிரியேல் தன் வள்ளத்து எஞ்சினைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"ஓய் ததேயுஸு, எழும்பும்!"

"இன்னைக்கு ஞாயிறுல்லா ஓய்?"

"எங்களுக்கு ஞாயிறு. உமக்கு வேல நாளாமே! செசிலி எனக்க பெண்டாட்டிகிட்ட சொன்னா, அவ குருசடிக் கோயில்ல வச்சு ஊருக்கே சொல்லிட்டா. நீரு நல்லா இருக்கணும் ஓய். திங்கக்கிழம கடலுக்குப் போகணும், ஞாயித்துக்கிழம ஒரு மெக்கானிக்கும் எஞ்சின்ல கை வைக்கமாட்டான். இந்தக் கடற்கரைக்கு உம்ம மாதிரி ஒரு ஆள் இல்லாமத்தான் நாங்க கஷ்டப்பட்டோம்."

கபிரியேலுக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் வந்தது. அதற்குப் பின்னால் ஆட்டோவில் ரெண்டு. பூசை முடிந்ததும் அடுத்த ஊர்க்காரர்கள் வந்தார்கள். ததேயுஸ் அடுக்களைக்குப் பாய்ந்தார்.

"ஏட்டி, என்ன காரியம் செய்து வச்சிருக்க?"

"ஆறு நாளும் வேல செய்யணும்னு அதே கட்டளையில இருக்குல்லா?" செசிலி சூடான சாயாவை நீட்டினாள். "நேத்து சும்மாத்தானே இருந்தேன், எடுத்து வாசிச்சேன். ஏழாம் நாள் ஓய்வு பின் பாதி. முன் பாதி இதாக்கும். நீங்க முன் பாதிய வாசிக்கல்லியா?"

வாசித்திருந்தார். கண் அதன்மேல் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு இன்னும் மோசம். அதற்கடுத்த ஞாயிறு வட்டக்கோட்டைப் பக்கத்திலிருந்துகூட ஒரு எஞ்சின் வந்து இறங்கியது. கடற்கரை முழுக்க 'ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்' என்று பேர் விழுந்துவிட்டது. வாரம் முழுக்க உழைப்பு, சனிக்கிழமை பட்டினி மாதிரி ஒரு பழஞ்சோறு, ஞாயிற்றுக்கிழமை உழைப்புக்கெல்லாம் பெரிய உழைப்பு. ரெண்டு நாள் ஓய்வு தேடிப்போன மனுஷன் கையிலிருந்த ஒன்றையும் தொலைத்தார். முதுகு நிமிரவில்லை. ராத்திரி படுத்தால் காதுக்குள் எஞ்சின் ஓடியது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை வேட்டி கட்டி, நேராகக் கோயிலுக்குப் போய் முன்வரிசையில் முழங்காலில் நின்றார். ஊர் பார்க்கட்டும், ததேயுஸ் திரும்பிவிட்டான் என்று ஊருக்குத் தெரியட்டும். வெளியே வந்தால் கோயில் மதிலில் சாய்த்து நாலு எஞ்சின். பக்கத்தில் கபிரியேல்.

"ஓய், நான் ஞாயிறுக்கே திரும்பியாச்சு!"

"சந்தோசம் ஓய். சாமியார்ட்ட கேட்டாச்சு. அவசர வேலைன்னா பாவமில்லியாம்."

வீட்டுக்கு வந்து செசிலியிடம் தோல்வியை ஒப்புக்கொண்டார். சப்பாத்தை விட்டாச்சு, பழையபடி இருப்போம் என்றார். செசிலி சரி என்றாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் செசிலி தலைக்குக் குளித்து, நல்ல சேலை உடுத்தி, சூரியன் அடையும் முன்னே விளக்கேற்றி, பாயை விரித்து உட்கார்ந்தாள்.

"நான்தான் விட்டுட்டேனே செசிலி?"

"நீங்க விட்டிய. நான் விடல்ல."

"நீ எப்போ இதுல சேந்த?"

செசிலி பாயில் காலை நீட்டிக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "நீங்க சும்மா இருக்க வழி தேடி வாசிச்சிய. நான் உங்கள மடக்க வாசிச்சேன். வாசிச்சு வாசிச்சு எனக்கு அது உண்மையாட்டுப் பட்டுப் போச்சு. எனக்க அம்ம 'எழும்புட்டி'ன்னா. உங்களுக்க அம்ம 'எழும்பு'ன்னா. வளந்து போன பிள்ளைய, நீங்க, எல்லாரும் எழும்புன்னுதான் சொன்னிய. இருன்னு எங்கிட்டச் சொன்னது கர்த்தர் ஒருத்தர்தான். அவர நான் எப்படி விடுவேன்?"

ததேயுஸ் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். பாவி, இத்தனை வருஷம் கூடவே இருந்திருக்கிறோம், ஒரு தடவை நாமும் 'இரு' என்று சொல்லியிருக்கலாமே என்று இருந்தது. இருந்தாலும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. "அப்போ நாளைக்குச் சோறு?" என்று மெல்லக் கேட்டார்.

"நீங்க இப்போ கட்டளைக்கு வெளியதானே? உங்களுக்கு நெருப்பு மூட்டலாம். ஆனா நான் மூட்டச் சொல்லமாட்டேன். வேல ஏவவும் கூடாது."

சனிக்கிழமை ததேயுஸ் சமைத்தார். சோறு குழைந்து பசையானது. சாளையை உரசி உரசிச் செதில் மூக்கிலும் மீசையிலும் ஒட்டியது. தேங்காய் அரைத்தார், பாத்திரம் விளக்கினார், மிதித்து வழுக்கி விழப்பார்த்த தரையையும் துடைத்தார். செசிலி பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏவவில்லை. குறை சொல்லவில்லை. தட்டில் போட்டுக் கொடுத்ததை முழுக்கச் சாப்பிட்டாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றாள். ததேயுஸுக்கு அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

சாயந்திரம் ரெண்டு பேரும் பாறைக்குப் போனார்கள். சூரியன் கடலில் பாதி முங்கிக் கிடந்தது. ததேயுஸ் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எஞ்சினும் அடுப்பும் மாறி மாறி அடித்த அடியில் மனுஷனுக்கு வெட்கமெல்லாம் போய்விட்டது. கூடவே, அவள் முகத்தில் இருந்த அந்த அமைதி தனக்கும் வேண்டும் என்று உண்மையாகவே ஏங்கினார்.

"செசிலி, நானும் திரும்பி வாறேன். இந்தத் தடவ உள்ளபடிக்கு."

செசிலியின் கண் நிறைந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ளபடிக்கா?"

"உள்ளபடிக்கு."

"முழுக் கட்டளையுமா?"

"முழுசும். இனி எனக்குப் பாதிக் கத கெடையாது."

"பஸ்கா பண்டிகை வருதுல்லா? அதுக்கு முன்ன வீட்டுல புளிச்ச மாவு ஒரு பொட்டு கெடக்கக்கூடாது. பரண், அலமாரி, கட்டிலடி, அடுக்களை, எல்லாச் சாமானும் வெளிய எறக்கி, ஒவ்வொரு இடுக்கா கழுவி, துடைச்சு, திரும்ப ஏத்தணும்."

"அது... பெண்ணுங்க வேலையில்லியா?"

"வீட்டுத் தலைவன் செய்யணும்னாக்கும் உங்க மார்த்தாண்டத்துக்காரர் சொல்லியாரு. நானும் இப்போ அவருக்க பேச்சத்தான் கேக்கேன்."

சூரியன் முழுக்க முங்கியது. கிழக்கே ஒரு நட்சத்திரம் தெரிந்தது. செசிலி சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சப்பாத் முடிஞ்சு. எழும்புங்க, ஏணிய வெள்ளிக்கிழமையே பரணுல சாத்தி வச்சாச்சு."