இரண்டு மச்சான்களுக்கு ஒரு வண்டி

"பின் சீட்டுல மூணு பேரு தாராளமா உக்காரலாம் சார்" என்று கடலூர் ஷோரூம்காரர் கதவைத் திறந்து காட்டினார். தேவநாதன் குனிந்து உள்ளே பார்த்தார். தாராளமாக இருந்து என்ன? பொன்னுரங்கமும் ஜெயப்பிரகாஷும் பக்கத்துப் பக்கத்தில் அல்லவா உட்கார வேண்டும்!

அவர்கள் அவர் மனைவி சந்திரலேகாவின் அண்ணனும் தம்பியும். பொங்கலுக்கு எல்லோரும் தேவநாதனின் பழைய சின்னக் காரில் திட்டக்குடி போய் வந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. என்ன சண்டை என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடுத்த மாதம் சிதம்பரத்தில் மகள் அருள்மொழிக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன்கள் ஒரே வண்டியில் வந்து இறங்க வேண்டும் என்று சந்திரலேகா சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள்.

மூன்று வரிசை வண்டி ஒன்றைப் பார்த்தார். பெரியவர் முன்னால், சின்னவர் கடைசியில். கூட வந்திருந்த ஜெயப்பிரகாஷ் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"அவரு முன்னாடி ஜம்முன்னு வருவாரு, நான் பின்னாடி மூட்ட மாதிரி கெடக்கணுமா மாமா?"

இடத்தை மாற்றிச் சொன்னதும், நிச்சயத்துக்கே வரவில்லை என்று பொன்னுரங்கம் போனை வைத்துவிட்டார்.

கடைசியில் அங்கே இருந்ததிலேயே பெரிய வண்டி. நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு சீட்டு, நடுவே நல்ல இடைவெளி. காலை நீட்டலாம், சாய்ந்து தூங்கலாம். மச்சான்கள் தனித்தனியாக வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். தனித்தனியாகத் தலையாட்டினார்கள். மாடியில் அறை கட்டச் சேர்த்த பணமெல்லாம் வண்டியாகிப் போனது. அதுவும் வீட்டு கேட்டுக்குள் நுழையாமல் தெருவிலேயே நின்றது.

நிச்சயத்தன்று தேவநாதனே ஓட்டினார். ஆலப்பாக்கம் தாண்டியதும் மெல்லக் கண்ணாடியில் பார்த்தார். அண்ணனின் சீட்டைத் தம்பி எட்டிச் சாய்த்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"காலு நீட்ட வருதாண்ணே?"

தேவநாதனுக்குச் சாலை மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் சந்திரலேகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மண்டபத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே தாம்பாளத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே போனார்கள். பின்னால் இறங்கிய பொன்னுரங்கத்தின் மனைவி சௌந்தரத்திடம் தேவநாதன் பெருமையாகச் சொன்னார்.

"இந்த வண்டிதான்க்கா அவுங்க ரெண்டு பேரையும் சேத்து வெச்சுது."

சௌந்தரம் புடவை மடிப்பை நீவிக்கொண்டே சொன்னாள்: "அவுங்க எப்ப தம்பி பிரிஞ்சாங்க? ஒங்க பழைய கார்ல இனிமே மடங்கி உக்கார முடியாதுன்னு ரெண்டு பேரும் அன்னிக்கே பேசி வெச்சுக்கிட்டதுதான் அந்தச் சண்ட."