பட்டரி இல்லாமல் கேட்ட இசை

எங்கள் வீட்டின் இரண்டாவது அறை இனிமேல் சங்கீதத்துக்கு மட்டும்தான் என்று நான் தீர்மானித்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. உரத்துத் தீர்மானிக்கவில்லை. மனைவி சுலோஜனா கிணற்றடியில் இருந்தாள். மனதுக்குள் தீர்மானித்தேன். எங்கள் வீட்டில் நான் எடுக்கிற தீர்மானங்கள் எல்லாம் அந்த ரகம்தான்.

என் பெயர் அருமைநாயகம். கச்சேரியில் இருபது வருஷம். சங்கீதக் கச்சேரி என்று நினைத்துவிடாதீர்கள். மட்டக்களப்புக் கச்சேரி, அரசாங்க அலுவலகம். அங்கே நான் கிளாக்கர். பைல் தூக்குவதும் பைல் வைப்பதும்தான் ஆரோகணம், அவரோகணம்.

நாவலடிக் கரையில் இருந்த எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு மூன்று வருஷம் தகரக் கொட்டிலில் இருந்தோம். அடுத்த கொட்டிலில் ஒருவர் புரண்டு படுத்தால் எங்கள் பாய் நகரும். அதற்குப் பிறகுதான் வெள்ளைக்காரர்கள் வாவிப் பக்கம் இந்த வீட்டைக் கட்டித் தந்தார்கள். அறை இரண்டு, ஆள் இரண்டு. ஆளுக்கொன்று என்பது என் கணிதம். இரண்டும் தனக்கு என்பது சுலோஜனாவின் கணிதம்.

எனக்கு அறை தேவைப்பட்டதற்குக் காரணம் எங்கள் மன்றம். பின்னணி இசை ரசிகர் மன்றம், மட்டக்களப்பு, ஏறாவூர் இணைந்தது. மொத்தம் மூன்று பேர். தலைவர், செயலாளர், பொருளாளர் பதவி போக மிச்சம் உறுப்பினர் என்று எவருமில்லை. சனிக்கிழமைகளில் ஏறாவூர் மெயின் றோட்டில் முத்தலிப்பின் ரேடியோ திருத்தும் கடையில் கூடுவோம். பாட்டு எங்களுக்கு ஆகாது. பாட்டை எவனும் கேட்பான். படத்தில் ஒருத்தி கடிதத்தைக் கிழிக்கும்போது, ஒருவன் கதவைத் திறக்கும்போது, பின்னால் ஒரு வயலின் மெல்ல இழுக்குமே, அதுதான் எங்கள் சரக்கு. கூட்டம் தொடங்கியதும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "இப்ப காதில என்ன?"

இராசதுரை நாவலடியிலும் இங்கும் என் பக்கத்து வீட்டுக்காரன். பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளன். அந்தக் காலத்தில் ஷெல் கிளம்புகிற சத்தத்தை வைத்தே எந்த முகாமில் இருந்து வருகிறது, எந்த ஊரில் விழும் என்று சொன்னவன். கிழக்கில் சண்டை ஓய்ந்ததும் அந்தக் காதுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சும்மா இருப்பானேன் என்று வயலினுக்கு வந்துவிட்டான்.

"இப்ப காதில என்ன, இராசதுரை?"

"ஆறு நாளா ஒரே இடம்தான் மச்சான். பொம்புள வாசல்ல நிக்கிறாள். பஸ் போகுது. ஒரு புல்லாங்குழல். பன்னிரண்டு செக்கன்."

"பதினொண்டு," என்றான் முத்தலிப். "பன்னிரண்டாவது பஸ்ஸுட ஹோன். நான் கேட்டுக்கிட்டு இரிக்கிறது வேற. வில்லன் மாடிப்படி ஏறுறான். ஒத்த மேளம். பதினேழு படி, பதினாறு அடி."

"ஒரு அடி எங்க?"

"அதுலதான் இரிக்கி விசயம். ஒரு படிய அவன் தாண்டி வெச்சிட்டான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடினேன்.

"தாய் செத்துக் கிடக்கிறா. மகன் வாறான். அதில இசையமைப்பாளர் ஒண்டுமே போடல்ல. ரெண்டு நிமிசம். அந்த ஒண்டுமில்லாததைத்தான் நான் ஒரு மாசமாக் கேக்கிறன்."

முத்தலிப்பின் கையில் இருந்த ஸ்க்ரூட்ரைவர் விழுந்தது. இராசதுரையின் கண் கலங்கியது. சரியாக அந்த நேரம் பார்த்துப் பொலநறுவை பஸ் ஒன்று ஹோன் அடித்தபடி கடையை உரசிக்கொண்டு போனது.

"ஒண்டுமில்லாததக் கேக்கிறதுக்கு இந்தக் கடை சரிவராது கிளாக்கர்," என்றான் முத்தலிப். "அமைதியா ஒரு அறை வேணும். அறை தாற ஆள்தான் ஆயுள் தலைவர்."

இராசதுரையின் இரண்டாவது அறையில் மாமியார் இருக்கிறா. முத்தலிப்பின் வீட்டில் பத்துப் பேர். ஆயுள் தலைவர் பதவி என் மடியில் வந்து விழுந்தது.

மன்றத்துக்குச் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். சுனாமிக்குப் பிறகு வந்த நிவாரணப் பொதியில் எனக்கு ஒரு கம்பளிக் கோட்டும், ஒரு கழுத்துப்பட்டியும், ஹெட்போனோடு ஒரு வோக்மனும் கிடைத்தன. கோட்டை மட்டக்களப்பு வெயிலில் போட்டவன் உயிரோடு இருக்க மாட்டான். வோக்மன் உயிரைக் காத்தது. அதைக் காதில் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினால் சுலோஜனா கூப்பிடுவது கேட்காது. கேட்காத புருஷன் தேங்காய் திருவ வேண்டியதில்லை. வேலிக்குக் கம்பு நட வேண்டியதில்லை. மாசி மாதத்தில் பட்டரி தீர்ந்தது. புதுப் பட்டரி போடவில்லை. எதற்கு? பட்டரி இல்லாமலே வேலை நடந்தது. மன்றத்தில் நான் சொன்ன அந்த ஒன்றுமில்லாதது இருக்கிறதே, அதை நான் ஒரு மாதமல்ல, மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சத்தம் புகாத அறைக்குச் சுவரில் முட்டைத்தட்டு ஒட்ட வேண்டும் என்றான் முத்தலிப். முட்டை அடுக்கி வருகிற அந்தக் குழி குழியான காகிதத் தட்டுத்தான். டவுணில் பேக்கரி பேக்கரியாக அலைந்து நூற்றிருபது தட்டுச் சேர்த்தேன். அதற்குப் பிறகு சுலோஜனாவிடம் சொல்லாமல் முடியாது.

"சுலோ, அந்த அறைச் சுவரில இத ஒட்டப்போறன்."

"ஓம், ஒட்டுங்க."

"உள்ள சத்தம் வெளிய போகாது."

"ஓம்."

"வெளிச்சத்தம் உள்ள வராது."

"ஓம், நல்லம்தானே."

மூன்று ஓம். கோயிலில் ஓம் என்றால் பிரணவம். எங்கள் வீட்டில் மூன்று ஓம் என்றால் பிரளயம். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கோதுமை மாப்பசை கூட அவளே காய்ச்சித் தந்தாள். நான் ஏணியில் நிற்க, கீழே நின்று, "யன்னல் மூலையில இடைவெளி கிடக்கு, அதையும் அடைங்க," என்று மேற்பார்வை வேறு. ஐந்து நாளில் அறை முடிந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் கோழி முட்டைக்குள் இருப்பதுபோல ஓர் அமைதி.

சனிக்கிழமை திறப்பு விழா. முதல்நாள் வெள்ளி பின்னேரம் விறாந்தையில் இருந்தேன். குசினியில் தேங்காய் உடைபடுகிற சத்தம் கேட்டது. உடனே ஹெட்போனை மாட்டினேன். தலை ஆடத் தொடங்கியது.

இராசதுரையின் பெண்சாதி புஸ்பம் படலையைத் திறந்துகொண்டு வந்தா. சுலோஜனா பாயை விரித்தாள். என் கதிரைக்கு இரண்டடி தள்ளி.

"வாங்க புஸ்பக்கா, இருங்க. பயப்பிடாமக் கதைக்கலாம். இவருக்கு இப்ப இடி விழுந்தாலும் கேக்காது."

நான் ஆட்டத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

"என்னகா இது, ஓணான் மாதிரி?"

"இசையாம்."

"எங்கட ஆளும் இதே கூத்துத்தான். காலையில ரேடியோவுக்கு முன்னால கண்ண மூடிக்கொண்டு இருக்கார். கரண்ட் இல்ல புள்ள! கிட்டப் போய்ப் பாத்தா, நித்திர."

பன்னிரண்டு செக்கன் புல்லாங்குழல்! எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு ஆட்டினேன்.

"அக்கா, மாதர் சங்கத்துக்கு ஆறு தையல் மெசின் வருது," என்றாள் சுலோஜனா. "வைக்க இடம் இருக்கா எண்டு பாக்க நாளைக்குப் பத்து மணிக்கு மெசின் குடுக்கிற நிறுவனத்து மிஸ் வாறா. இடம் காட்டாட்டி மெசின் வேற ஊருக்குப் போயிரும்."

"இடத்துக்கு எங்க புள்ள போற?"

"ஏன், எங்கட அறை இருக்கே. இவர் முட்டைத்தட்டெல்லாம் ஒட்டித் தந்திருக்கார். ஆறு மெசினும் ஒண்டா ஓடினாலும் அயலுக்கு ஒரு சத்தம் போகாது."

என் தலை கழுத்தில் இருந்து கழன்றுவிடும்போல இருந்தது.

"அவர் ஓமெண்டுவாரா?"

"கேட்டுப் பாப்பமே." என் பக்கம் கிறுகினாள். "இஞ்சேருங்க, அறைய சங்கத்துக்குக் குடுப்பமா?"

என் நிலையை யோசித்துப் பாருங்கள். ஆட்டத்தை நிறுத்தினால் எனக்குக் கேட்கிறது என்று அர்த்தம். தொடர்ந்து ஆட்டினால் சம்மதம் என்று அர்த்தம். கச்சேரிக்காரன் மூளை வேலை செய்தது. மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்த தலையைப் பக்கவாட்டுக்கு மாற்றினேன்.

"இல்லையெண்டுறாரே?" என்றா புஸ்பம்.

"சீச்சீ, அது தாளம் மாறியிருக்கு. கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தார்கள். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பொறுத்தார்கள். எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதன் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்க முடியும்? கழுத்து பிடித்துக்கொண்டது. பழைய பக்கத்துக்கே திரும்பினேன்.

"இப்ப ஓமெண்டுறார்," என்றாள் சுலோஜனா. "நீங்கதான் சாட்சி அக்கா."

பிறகு தையல் கதை. யூனிபோமுக்குப் பள்ளிக்கூடங்களில் கேட்கலாம் என்றார்கள். டவுண் கடைக்காரர் ஒருவர் ஐந்நூறு கொடி தைத்துத் தரக் கேட்டிருக்கிறாராம். சண்டை முடிந்ததென்று ரேடியோ சொல்லி ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. ஊரெல்லாம் தேசியக் கொடி கட்டச் சொல்லியிருந்தார்கள்.

புஸ்பம் பாயின் ஓலையை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தா.

"கோவிக்காத புள்ள," என்றா. "என்ட கை அதத் தைக்காது. எங்கட பெடியன் வாகரைக்குப் போன அண்டைக்குப் போட்டிருந்த சேட்டு நான் தைச்சது. 'கொலர் இறுக்குதும்மா' எண்டான். 'வா மனே, வந்தோடன இளக்கித் தாறன்' எண்டு சொல்லித்தான் அனுப்பினன். மூணு வருசம். இப்ப எல்லாம் முடிஞ்சுதாம். அவன் எங்கயெண்டு ஒருத்தரும் சொல்றாங்க இல்ல."

என் தலை நின்றுவிட்டது.

நானாக நிறுத்தவில்லை. அது தானாக நின்றது. அந்தப் பிள்ளை நாவலடியில் எங்கள் வேலிக்கு மேலால் பந்தை அடித்துவிட்டு, எடுத்துத் தாங்க மாமா என்று நின்றவன்.

"அப்ப நாங்க கொடி தைக்கல்ல," என்றாள் சுலோஜனா. "யூனிபோம் மட்டும்தான். கடைக்காரருக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். அந்தக் கதைய விடுங்க அக்கா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவசரமாக மீண்டும் ஆட்டத் தொடங்கினேன்.

புஸ்பம் படலையைத் தாண்டியதும் ஹெட்போனை மெதுவாகக் கழற்றினேன். கனவில் இருந்து விழிக்கிறவன்போல.

"ஆரும் வந்தாங்களா?"

"புஸ்பக்கா. நீங்க அறை குடுத்ததில நல்ல சந்தோசம்."

"நான் எப்ப குடுத்தன்?"

"கேட்டன். ஆட்டினீங்க."

எனக்குச் சட்டம் தெரியும். நிமிர்ந்து இருந்தேன். "சுலோ, எனக்கு ஒரு சொல்லும் கேக்கல்ல. நான் ஆட்டினது இசைக்கு. காதில விழாத கேள்விக்கு ஆட்டின தலை செல்லாது."

"முழுக்க இசைக்குத்தான் ஆட்டினீங்க?"

"முழுக்க."

"அப்ப புஸ்பக்கா பெடியன்ட கதை சொல்லக்குள்ள ஏன் நிண்டது?"

இசையமைப்பாளர் அந்த இடத்தில் ஒன்றும் போடவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

"கேட்டது," என்றேன்.

"அது மட்டும்தானா?"

"எல்லாம்."

"பட்டரி?"

"இல்ல."

"எத்தின நாளா?"

"மாசி தொட்டு."

மாசியில் இருந்து திருவாத தேங்காய்களை அவள் எண்ணத் தொடங்குவாள் என்று காத்திருந்தேன். அவள் சிரித்தாள். அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

"அப்ப நல்லதாப் போச்சு. கேக்காம ஆட்டியிருந்தாத்தானே செல்லாது? நீங்க கேட்டுத்தான் ஆட்டியிருக்கீங்க."

"இல்லையெண்டும் ஆட்டினனே!"

"மறுகா ஓமெண்டு ஆட்டினீங்க. கடைசியா ஆட்டினதுதான் செல்லும். இல்லாட்டிச் சொல்லுங்க, மாசி மாசத்துக் கதைய மன்றத்தில நான் ஒருக்கா விளக்கமாச் சொல்லட்டா?"

ஆயுள் தலைவர் பதவி என் கண் முன்னால் ஒருதரம் மின்னி அணைந்தது.

"நாளைக்கு முத்தலிப்பும் இராசதுரையும் வாறாங்களே, சுலோ. அவங்களுக்கு என்ன சொல்ற?"

"நீங்க ஒண்டும் சொல்ல வேணாம். முத்தலிப் காக்கா மெசினுக்கு வயர் இழுக்க வாறார். இராசதுரை அண்ணன் மேசை தூக்குறார். ரெண்டு பேரும் அப்பவே ஓமெண்டிட்டாங்க."

அலுமாரிக்குள் இருந்து ஒரு தாளை எடுத்து வந்து பேனையோடு என் முன்னால் வைத்தாள். ரைப் அடித்த கடிதம். கச்சேரிக்காரர் கையெழுத்து என்றால் மிஸ்ஸுக்கு நம்பிக்கை வருமாம். ஒரு கடிதத்தையும் வாசிக்காமல் கையெழுத்து வைப்பது எங்கள் உத்தியோகத்தில் பழகிப்போன ஒன்று. வைத்தேன். வைத்த பிறகு வாசித்தேன். என் வீட்டின் இரண்டாவது அறையை மாதர் சங்கத்துக்கு மனமுவந்து வழங்குகிறேனாம். அலுவலகம் விட்டு வந்து ஆறு மெசினுக்கும் தினமும் எண்ணெய் போடுகிற பொறுப்பையும் விரும்பி ஏற்கிறேனாம்.

மேலே வலது மூலையில் திகதி இருந்தது. புதன்கிழமை. நான் தலையாட்டுவதற்கு இரண்டு நாளைக்கு முன்னமே நான் சம்மதித்திருந்தேன்.