ஒரு குறையும் இல்லாத அங்கன்வாடி

என் வாழ்க்கையில் ஒரு வேலையை அப்பழுக்கில்லாமல் செய்து முடித்தது ஒரே ஒரு தடவைதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது. எங்கேயாவது கொஞ்சம் சொதப்பியிருந்தால்கூட ஊருக்கு நல்லது நடந்திருக்கும்.

ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் எனக்குத் தரக் கட்டுப்பாட்டில் வேலை. (கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன். அவர்களாவது மானத்தோடு இருக்கட்டும்.) வெளியிலிருந்து ஆடிட் வருகிறார்கள் என்றால் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். தரையில் மஞ்சள் கோடு போடுவேன். துடைப்பம் முதல் தண்ணீர் டிரம் வரை எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டுவேன். கணக்கில் இல்லாத சரக்கு லைனில் கிடந்தால், அள்ளிக்கொண்டு போய் ஆடிட்டர் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுவேன். ஆட்களுக்கு ஒரே பாடம்தான்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கொறை இருக்கான்னு கேட்டா, ஒண்ணும் இல்லன்னு சொல்லு." எட்டு வருஷமாக எந்த ஆடிட்டரும் என் லைனில் ஒரு குறை எழுதியதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

எங்கள் ஊர் அங்கன்வாடி ஒரே அறை. ரிஜிஸ்டரில் இருபத்தைந்து பிள்ளைகள். அறைக்குள் எண்ணினால் நாற்பத்தெட்டு. மீதிப் பேர் எல்லாம் இரண்டு வயதுகூட ஆகாத வாண்டுகள். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்கள், வேறு வழியில்லாமல் ஆயாம்மாவிடம் கெஞ்சி விட்டுவிட்டுப் போவார்கள். கஸ்தூரி டீச்சர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுவார். அந்த மீதிப் பேரில் ஒருத்தி என் தங்கை தேவியின் மகள் யாழினி. தேவி அப்போது ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தாள். இன்னும் மூன்று மாதம் லீவு போடாமல் போனால் பர்மனன்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் புருஷன் கன்டெய்னர் லாரியோடு எந்த மாநிலத்தில் இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. எங்கள் அம்மாவுக்கோ கேன்டீன் வேலை. யாழினிக்கு ஆயாம்மாவை விட்டால் ஆளில்லை.

இதையெல்லாம் பார்த்துத்தான் நகராட்சியில் ஒரு அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போட்டார்கள். இன்னும் இரண்டு அறையும், கைக்குழந்தைகளுக்குத் தனியாக ஒரு காப்பகமும் கட்டித் தரும்படி கேட்டிருந்தார்கள். நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் பதில் வந்தது. உடனே சேர்மன் அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, நீதான் கம்பெனில ஆடிட்டெல்லாம் பாக்கறியாமே. வர்றவங்க அசந்து பூடணும்."

"நான் பாத்துக்கறேன்மா" என்றேன். அங்கேயே இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

இரண்டு நாள் லீவு போட்டேன். (தங்கை லீவு போடாமல் உயிரை விட்டுக்கொண்டிருக்கிறாள், அண்ணன் லீவு போடுகிறான்.) சுவருக்கு வெள்ளை, தரைக்கு மஞ்சள் கோடு. சாம்பார்ச் சட்டிக்கு "சாம்பார்" என்று லேபிள். பிள்ளைகள் உட்காருவதற்கு இருபத்தைந்து கட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். கடைசியாக, கணக்கில் இல்லாத சரக்கு. அதற்குப் பின்பக்கத்துச் சமுதாயக் கூடத்தின் சாவியை வாங்கி வைத்தேன்.

தேவிக்கு விஷயம் தெரிந்ததும் என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"இன்னாண்ணா, பசங்கள ஒளிச்சு வெக்கப் போறியாமே?"

"ஒளிக்கல. ஒரு காலைல மட்டும் அங்க இருக்கட்டும். ரிஜிஸ்டர்ல இல்லாத புள்ளைங்கள பாத்தாங்கன்னா ரிஜெக்ட் பண்ணிடுவாங்க."

"எடம் பத்தலன்னுதான கேட்டுகினு கீறோம்? பசங்கள காட்டாம எடம் பத்தலன்னு எப்டி காட்டுவ?"

"உனக்கு ஆடிட் பத்தித் தெரியாது தேவி."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் ஆடிட். அவளுக்கு அது ஒன்றுதான் தெரியாது. அந்த வித்தியாசத்தை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

அறக்கட்டளையிலிருந்து ஒரு மேடம் வந்தார். பருத்திப் புடவை, கையில் ஒரு சின்ன நோட்டு, அமைதியான முகம். உள்ளே நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார். இருபத்தைந்து கட்டத்தில் இருபத்தைந்து பிள்ளைகள், வாயில் விரல். ஒரு பெண்குழந்தை எழுந்து மஞ்சள் கோடு வரைக்கும் வந்து, கோட்டைத் தாண்டக் கூடாது என்று நான் மிரட்டியது ஞாபகம் வந்து, அங்கேயே நின்றபடி மூத்திரம் போய்விட்டது. கோட்டை மட்டும் தாண்டவில்லை.

"எவ்வளவு கட்டுப்பாடு!" என்றார் மேடம். எனக்கு நெஞ்சு விம்மியது.

பிறகு அவர் கஸ்தூரி டீச்சர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இங்க ஏதாவது கஷ்டம் இருக்கா டீச்சர்? மனசு விட்டுச் சொல்லுங்க."

டீச்சர் மேடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாய் திறந்து ஏதோ சொல்ல வந்தார். நான் லேசாகக் கண்ணை உருட்டினேன்.

"ஒரு கொறையும் இல்லீங்க மேடம்" என்றார் டீச்சர்.

மேடம் எழுதிக்கொண்டார். சேர்மன் அம்மாவுக்கு அப்போதுதான் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "அப்டி இல்ல மேடம், எடம் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து, ஆளுக்கு எத்தனை சதுர அடி என்று நான் எழுதி மாட்டியிருந்த சார்ட்டைக் காட்டி விளக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நேரம், ஆயாம்மாவோடு மீதிப் பிள்ளைகளை அடைத்திருந்த பின்பக்கத்துக் கூடத்திலிருந்து ஒரு அழுகை கேட்டது. ஒன்று அழுதால் இன்னொன்று சும்மா இருக்குமா? பத்துப் பதினைந்து குரல் சேர்ந்துகொண்டது. அத்தனை குரலுக்கு நடுவிலும் முதல் குரல் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. மூச்சை இழுத்துப் பிடித்து, விட்டுவிட்டு அழுவாள். யாழினி.

"பின்னாடி குழந்தைங்க அழுற மாதிரி இருக்கே?" என்றார் மேடம்.

கடவுளே வந்து, "டேய், இப்போதாவது உண்மையைச் சொல்லு" என்று கதவைத் திறந்து வைத்தது போன்ற கேள்வி. "ஆமாம் மேடம், அவங்களுக்குத்தான் எடம் இல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எட்டு வருஷப் பழக்கம் என்னை முந்திக்கொண்டது.

"பக்கத்துல ஏதோ காதுகுத்து மேடம்" என்றேன்.

மேடம் சிரித்தார். நோட்டை மூடினார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மையம் மிகச் சிறப்பாக நடப்பதாகவும், தேவை கூடுதலாக உள்ள வேறொரு ஊருக்கு நிதியைக் கொடுப்பதாகவும் எழுதியிருந்தார்கள். கூடவே "முன்மாதிரி மையம்" என்று ஒரு பாராட்டுச் சான்றிதழ். சேர்மன் அம்மா அதை என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

கதை அதோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. முன்மாதிரி மையம் ஆகிவிட்டதால் வாரத்துக்கு ஒருவர் பார்க்க வர ஆரம்பித்தார்கள். ரிஜிஸ்டரில் இல்லாத ஒரு பிள்ளையைக்கூட உள்ளே விட டீச்சருக்குப் பயமாகிவிட்டது. ஆயாம்மா அழுதுகொண்டேதான் தாய்மார்களிடம் சொன்னாள். தேவி நான்கு நாள் லீவு போட்டுப் பார்த்தாள். ஐந்தாம் நாள் கம்பெனியில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஐடி கார்டைக் கொண்டுவந்து என் வீட்டு டிவி மேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு வருஷம் கழித்து வேறொரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். மறுபடியும் காண்ட்ராக்ட், மறுபடியும் முதல் நாளிலிருந்து, அதுவும் அங்கன்வாடி மூடிய பிறகும் ஓடும் மதிய ஷிஃப்ட். இந்த முறை காப்பகம் நான்தான். ஜெனரல் ஷிஃப்டை விட்டுவிட்டுக் காலை ஷிஃப்டை எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மதியம் என் பஸ் வந்து நிற்பதற்கும் அவள் பஸ் கிளம்புவதற்கும் நடுவில் பத்து நிமிஷம். பஸ் ஸ்டாப்பிலேயே யாழினி அவள் இடுப்பிலிருந்து என் தோளுக்கு மாறுவாள். மாறியதும், மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு அழுகை.

வீட்டில் எந்தக் குழந்தை அழுதாலும் "பக்கத்துல காதுகுத்து" என்பதுதான் இப்போது பேச்சு. என் மனைவி சொல்வாள், அம்மா சொல்வாள். தேவி வேலைக்குப் போன ஒரே வாரத்தில் அது அவள் பஸ்ஸிலும் ஏறிவிட்டது. தினமும் ஜன்னல் வழியாக யாராவது ஒரு பெண் தலையை நீட்டி, "இன்னாண்ணா, இன்னிக்கும் காதுகுத்தா?" என்று கேட்பாள். பஸ் முழுக்கச் சிரிப்பு கேட்கும். தேவியும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே, பஸ் திரும்பும் வரைக்கும் மகளையே பார்த்துக்கொண்டு போவாள்.