ஹீட்டர் கேட்காத மீன்கள்

உலகத்தில் எத்தனையோ அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் மனிதர்கள் வருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். நாகரிகம் அதோடு முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் எங்கள் அலுவலகத்தின் வரவேற்புக் கூடத்தை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். ஒரு மீனுக்கு எவ்வளவு குளிர் தாங்கும் என்பதைக் கூட்டம் மேல் கூட்டம் போட்டு, டீ வரவழைத்து, மனிதாபிமானத்தோடு விவாதித்து முடிவெடுத்த அலுவலகம் இந்த மண்ணுலகில் எங்களுடையது ஒன்றுதான். அந்தக் கூட்டங்களைக் கூட்டியவன் நான். தற்பெருமை எனக்குப் பிடிக்காது என்பதால் இதை ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நான் ஊழியர் நலப் பிரிவின் தலைவர். பிரிவில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. அதனால் என் தலைமையை இதுவரை ஒருவரும் எதிர்த்ததில்லை. ஊழியர்களின் நலம் முழுவதும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஒரு சொட்டு வெளியே சிந்தவிட மாட்டேன்.

நல்ல காரியம் என்றால் குறுக்கே வருவதற்கென்றே ஒருவர் இருப்பார். எங்களுக்கு வாய்த்தவர் ஹலோ அக்கா. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, போனை எடுத்து "ஹலோ" சொல்லி, யாருக்கு வேண்டுமோ அவர்களுக்குத் திருப்பிவிடுவது அவர் வேலை. எங்கள் ஊர்க் குளிர்காலம் கொஞ்சம் கறாரானது. கூடத்தில் ஹீட்டர் கிடையாது. குளிர் ஏறினால் அக்காவின் விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்து மரத்துப்போகும். பொத்தானை விரலால் அழுத்த முடியாமல் பென்சிலின் பின்பக்கத்தால் குத்துவார். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: ஒன்று, சூடான இடத்தில் உட்கார வேண்டும்; இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. கணவர் படுத்த படுக்கை, மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே மேசைக்கு அடியில் வைக்கிற மாதிரி ஒரு சின்ன ஹீட்டர் கேட்டார்.

"பரிசீலனையில இருக்கும்மா," என்றேன்.

"அது எந்த ரூம் சார்? அங்கயாவது சூடா இருக்குமா? போய் உக்காந்துக்கறேன்."

பாருங்கள், இதுதான் அவர் வாய். அலுவலகத்தில் ஹீட்டரே இல்லை என்றும் சொல்ல முடியாது. இயக்குநர் அறையில் ஒன்று இருக்கிறது. அது கோப்புகளுக்காக. ஈரம் பட்டால் கோப்புகளுக்குப் பூஞ்சை பிடிக்கும். அக்காவுக்குப் பூஞ்சை பிடித்ததாக எந்த மருத்துவச் சான்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இயக்குநர் "மன அமைதி மேலாண்மை" என்கிற பயிற்சிக்குப் போய்த் திரும்பினார். வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "மீனைப் பாத்துக்கிட்டே இருந்தா பிரஷர் எறங்குதாம்யா. நம்ம ஆளுங்க எல்லாம் ஒரே டென்ஷன்ல இருக்காங்க. முன்னாடி ஒரு தொட்டி வெச்சிடு."

நலப் பிரிவுக்கு அந்த வருடம் ஒரே ஒரு பொருள் வாங்கத்தான் அனுமதி. ஹீட்டரா, மீனா? ஹீட்டர் ஒருவருக்கு மட்டும். மீன் எல்லோருக்கும் பொது. ஜனநாயகம் வென்றது. செய்தியை நானே நேரில் போய் அக்காவிடம் சொன்னேன்.

"மீனப் பாத்தா கை சூடாகுமா சார்?"

"மனசு லேசாகும்மா."

"வெரலே எங்க இருக்குன்னு தெரியல. இதுல மனச எங்க போய்த் தேட?"

நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. போகட்டும்.

மீன் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர், இயக்குநர். உறுப்பினர், கணக்கு மேலாளர். எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டிவிடுவதால் அவருக்குக் "கத்தரி" என்று பெயர். செயலாளர், அடியேன். ஆலோசகர், என் மச்சான். வண்ண மீன் கடை வைத்திருக்கிறான். சொந்தக்காரன் என்பதால் கூப்பிட்டேன் என்று சிலர் புறம் பேசினார்கள். அபாண்டம்! என் மனைவி சொன்னதால் கூப்பிட்டேன்.

முதல் கூட்டத்தில் இயக்குநர் தன் விருப்பத்தை வெளியிட்டார். "தட்டு மாதிரி வட்டமா, நீலக் கோடு போட்டு ஒரு மீன் வருமே, அதான் வேணும். பாத்தாலே பெரிய கம்பெனின்னு தெரியணும்."

"அது வெப்பத் தண்ணி மீன் சார்," என்றான் மச்சான். "இருபத்தெட்டு டிகிரி கொறையாம இருந்தாத்தான் பொழைக்கும். பிரச்சினையே இல்ல, தொட்டிக்குள்ள ஒரு ஹீட்டர் போட்டுடலாம்."

கத்தரி கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"ஹீட்டரா?" என்றார் மெல்ல. "மீனுக்கு ஹீட்டர் குடுத்தா, முன்னாடி உக்காந்திருக்கற அந்தம்மா சும்மா இருப்பாங்களா? மீனுக்கு இருக்கு, எனக்கு இல்லையான்னு கேப்பாங்க. அவங்களுக்குக் குடுத்தா டிரைவர் கேப்பாரு. டிரைவருக்குக் குடுத்தா வாட்ச்மேன் கேப்பாரு. அப்புறம் கோப்புக்கு என்ன மரியாதை?"

எவ்வளவு தொலைநோக்கு! எனக்குப் புல்லரித்துவிட்டது. (கூட்ட அறையிலும் கொஞ்சம் குளிர்தான்.) உடனே தீர்மானம் நிறைவேறியது: ஹீட்டர் கேட்காத மீன் மட்டுமே தேர்ந்தெடுக்கப்படும்.

இரண்டாவது கூட்டத்துக்கு மச்சான் பிளாஸ்டிக் பைகளில் மீன்களையே கொண்டுவந்துவிட்டான். மேசை மேல் வரிசையாக வைத்தான். அவை எங்களைப் பார்த்தன, நாங்கள் அவற்றைப் பார்த்தோம்.

"இது கோய் மீன். எந்தக் குளிரையும் தாங்கும். ஆனா கை நீளத்துக்கு வளந்துடும், பின்னாடி குளம் வெட்டணும்."

"வேண்டாம்," என்றார் கத்தரி. சேர்ந்த பிறகு வளர்வதை எங்கள் அலுவலகம் என்றுமே ஊக்குவித்ததில்லை.

"இது குண்டு கோல்டு ஃபிஷ். ரெட்டை வாலு, தொப்பை வயிறு. அழகு, ஆனா கொஞ்சம் செல்லம். குளிர் அதிகமாச்சுன்னா வயிறு கெட்டு, தலகீழாப் புரண்டுக்கும்."

இயக்குநர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, "பாவம்," என்றார். அது நிராகரிக்கப்பட்டது.

"இது மலை ஓடை மீனு. சுண்டுவிரல் நீளம்தான், கெட்டி. ஆனா பெருசுங்களோட விட்டா அதுங்க இதை முழுங்கிடும்."

"அது எங்கயும் நடக்கறதுதானே," என்றார் கத்தரி. ஆனாலும் வாசலிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதால் இதுவும் கழிந்தது.

"அப்ப இதான் உங்களுக்குச் சரி." மச்சான் கடைசிப் பையைத் தூக்கினான். "ஒத்த வால் கோல்டு ஃபிஷ். ஹீட்டர் கேக்காது. குளிர் ஏற ஏற ஆட்டம் கொறைஞ்சு அமைதியாயிடும். சாப்பாடும் கொறைச்சுத்தான் போடணும், செரிக்காது."

"குளிர்ல சாப்பாடும் கொறைச்சுக்குமா?" கத்தரியின் குரல் தழுதழுத்தது.

"ஆமா சார்."

"சத்தம்?"

"மீனு சார்."

இயக்குநர் பையைக் கையில் வாங்கி, பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்தார். "இப்படி ஒரு ஸ்டாஃப் கெடச்சா நான் ஏன்யா பயிற்சிக்கெல்லாம் போறேன்?" என்றார். ஐந்து மீன்கள் ஒரு மனதாகத் தேர்வாயின.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றான் மச்சான், பில் புத்தகத்தை எடுத்தபடி. "குளிர் தாங்கும்னு குடுவையில போட்டு வெச்சிடாதீங்க. நீளத் தொட்டி வேணும், ஃபில்டர் வேணும். வாசல்கிட்ட வெக்காதீங்க. கதவத் தெறக்க மூட, தண்ணி சூடு ஏறி எறங்கும். அது ஆகவே ஆகாது."

மீனின் தேவைகளைக் கேட்டுக் கேட்டுச் செய்தோம். கூடத்தில் வாசல் காற்று படாத மூலை ஒன்றுதான் இருந்தது. அது ஹலோ அக்காவின் மூலை. எனவே தொட்டி அங்கே போயிற்று. அக்கா மேசையோடு வாசலுக்கு வந்தார்.

"நல்ல வெளிச்சம்மா," என்றேன். "வர்றவங்க மொதல்ல உங்க முகத்தத்தான் பாப்பாங்க."

"அவங்களுக்கு முன்னாடி காத்து வந்து பாக்குது சார்."

குளிர்காலம் வந்தது. மீன்கள் அமைதியடைந்தன. இயக்குநர் தினமும் தொட்டிக்கு முன் நின்று பிரஷரை இறக்கிக்கொண்டு போனார். அக்கா கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு பென்சிலால் குத்தினார். குத்து தவறித் தவறி, இயக்குநருக்கு வந்த அழைப்பு வாட்ச்மேனுக்கும், வாட்ச்மேன் மனைவியின் அழைப்பு இயக்குநருக்கும் போனது. அந்த அம்மாள் ஆள் தெரியாமல் இயக்குநரைத் திட்டு திட்டென்று திட்டிவிட்டாராம். இறங்கின பிரஷர் எல்லாம் ஏறிவிட்டது.

அக்கா மறுபடியும் ஹீட்டர் கேட்டார். மூன்றாவது கூட்டம் கூடியது. வெறுமனே "முடியாது" என்று சொல்கிற காட்டுமிராண்டிகள் அல்ல நாங்கள், நிபுணரைக் கேட்டோம்.

"மாப்ளே, கூடத்துல ஹீட்டர் போட்டா மீனுக்கு என்ன ஆகும்?"

"தண்ணி ரொம்பச் சூடானா அதுல காத்து கொறையும் மாமா. மேல வந்து வாயத் தெறந்து தெறந்து மூடும். ஆனா மேசைக்கு அடியில வெக்கற குட்டி ஹீட்டர்னா ஒண்ணும் ஆகாது. அது அந்த மூல வரைக்கும் எட்டவே எட்டாது."

அவன் சொன்னதில் முன்பாதி கூட்டத்தின் முன் வைக்கப்பட்டது. பின்பாதிக்கு நேரமில்லை. குளிர் தாங்கும் மீன்கள் இருக்கும் கூடத்தில் ஹீட்டர் வைப்பது வாயில்லா ஜீவன்களுக்குச் செய்கிற கொடுமை என்று குழு கருதியது.

நான் போய்ச் சொன்னதும் அக்கா தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு கையுறையைக் கழற்றிக் காட்டினார். விரல் நுனியில் வெடிப்பு விட்டிருந்தது.

"அது வாயில்லாத ஜீவன்னு சொல்றீங்க. நான் வாயிருந்து கேட்டு என்ன சார் ஆச்சு?"

கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. நான் என்ன கல்லா? அதனால் சீக்கிரமாக அங்கிருந்து வந்துவிட்டேன்.

மாதக் கடைசியில் அக்கா வேலையை விட்டார். பிரிவு உபசார விழாவைச் சிறப்பாக நடத்தினேன். "நம் குடும்பத்தில் ஒருவர்" என்று தொடங்கி உருக்கமாகப் பேசினேன். நினைவுப் பரிசாக, மச்சானிடமிருந்து இன்னொரு கோல்டு ஃபிஷ்ஷை வாங்கி, பையில் ரிப்பன் கட்டி இயக்குநர் கையால் கொடுக்க வைத்தோம்.

அக்கா வாங்கவில்லை. "எங்க வீடு சின்னது சார். சமையல், மனுஷங்கன்னு சூடாவே இருக்கும். இது உங்களுக்குன்னே தேர்ந்தெடுத்தது. நீங்களே வெச்சுக்கங்க." செருப்பை மாட்டிக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். அத்தனை வருடத்தில் அந்தக் கதவைச் சரியாகச் சாத்தியது அவர் ஒருவர்தான் என்று வாட்ச்மேன் சொன்னார்.

தொட்டியில் இப்போது ஆறு மீன்கள். ஆறும் நலம். நாற்காலிதான் காலி.

நேற்று அந்த வேலைக்கு நேர்முகத் தேர்வு. வந்த ஒரு பெண் எல்லாக் கேள்விக்கும் டக்கு டக்கென்று பதில் சொன்னாள். எனக்குத் திருப்தி. கடைசியாக, குளிர் தாங்குவாயா, அடிக்கடி எழுந்து டீ குடிக்கப் போவாயா, ஏதாவது கேட்டு நச்சரிக்கிற பழக்கம் உண்டா என்று விசாரித்தேன். அவள் என் தோளுக்கு மேலாகத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மீன்களை யார் சார் செலக்ட் பண்ணது?"

இவ்வளவு நாளில் இதைக் கேட்ட முதல் ஆள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, குழுவின் பெருமை, கழித்துக் கட்டிய மீன்கள், அவற்றின் குறைகள் என்று ஒன்றுவிடாமல் விளக்கினேன்.

கேட்டு முடித்ததும் சான்றிதழ்களை அடுக்கிப் பையில் வைத்தாள். "அப்ப இந்த நாற்காலிக்கும் அதே மாதிரி ஒண்ணைத்தான் தேடறீங்களா சார்?"

நலப் பிரிவுத் தலைவன் பொய் சொல்லக் கூடாது.

"ஆமாம்மா," என்றேன். "ஆனா மனுஷங்கள்ல அப்படிக் கெடைக்க மாட்டேங்குது."