வாசல் கொள்ளாத கட்டைகள்

மனைவியிடம் "முடியாது" என்று சொல்லக்கூடாது. கல்யாணமான முதல் வருஷமே கண்டக்டர் இதைக் கற்றுக்கொண்டுவிட்டார். முடியாது என்றால் ஏன் என்று கேள்வி வரும். ஏன் என்று சொன்னால் அதற்கு ஒரு பதில் வரும். அந்தப் பதிலுக்குப் பிறகு சோறு தொண்டையில் இறங்காது. அதனால் அவர் எப்போதும் "பார்க்கலாம்" என்றுதான் சொல்வார்.

அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"ஏங்க, அந்தப் பின்னறையை எனக்குக் கொடுங்களேன்."

"எதுக்கு?"

"துணிக்கடைக்காரர் பள்ளிக்கூடத்துச் சட்டை மொத்தத்தையும் எனக்கே தர்றேங்கிறார். இன்னொரு தையல் மெஷின் போட்டு, கூட ஒரு பொண்ணையும் வெச்சுக்கணும். இந்த நடையில எங்கே போடறது? ஒரு மெஷினுக்கே நீங்க தினம் முட்டியை இடிச்சுக்கிறீங்க."

"அறையில சாமான் இருக்கே."

"அது சாமானா?"

"பின்னே?"

"குப்பைன்னா கோவிச்சுக்குவீங்க. அதான் அப்படிக் கேட்டேன்."

"பார்க்கலாம்."

"எப்பப் பார்ப்பீங்க? வெள்ளிக்கிழமைக்குள்ள அவருக்குப் பதில் சொல்லணும். இல்லாட்டி வேற ஆளைப் பார்த்துக்குவார்."

"அதான் பார்க்கலாம்னேனே!"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நெருக்கடி வந்தால் படியில் தொற்றிக்கொண்டு தப்புவது அவருக்குத் தொழில் பழக்கம்.

அந்த அறையில் அப்படி என்னதான் இருந்தது? துணியில்லாத குடைக் கம்பிகள். மூன்று காலில் நிற்கும் ஒரு நாற்காலி. சுற்றாத மின்விசிறி. மூடி ஒரு அளவு, பெட்டி ஒரு அளவாக நாலைந்து டிரங்குப் பெட்டிகள். பஸ்ஸில் நிற்க இடமில்லாதபோதும் "உள்ளே போங்க, இடம் இருக்கு" என்று கத்திக் கத்தி ஆள் ஏற்றிய மனுஷர், அந்த அறையையும் அப்படித்தான் நிரப்பியிருந்தார். எல்லாம் ஒரு நாள் உதவும் என்பார். அந்த ஒரு நாள் எந்த நாள் என்று கேட்டால், உங்களுக்கும் "பார்க்கலாம்"தான்.

ஆனால் விஷயம் சாமான் இல்லை. வேலையில் இருந்தவரை நாள் முழுக்க யாராவது அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு காய்கறிக்காரர்கூட "அம்மா இல்லையா?" என்றுதான் கேட்கிறார். கூடத்தில் எந்நேரமும் அளவு கொடுக்க வந்த பெண்கள். சமையலறை மனைவியுடையது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பின்னறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் சாய்த்துவைத்த அந்த மூன்றுகால் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தனக்கும் இந்த வீட்டில் ஓர் இடம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றும். அந்த அறையும் போனால் எங்கே போய் உட்காருவது? பயம்தான், வேறொன்றுமில்லை. அதை வெளியே சொல்ல வெட்கம். ஆம்பளைகளுக்கு உடம்பெல்லாம் வெட்கம்தான், ஆனால் சரியான இடத்தில் வராது.

தெருமுனை விறகுக் கடையைப் பார்த்ததும் அவர் நின்றார். யோசனை பளிச்சென்று வந்தது. குளிர் காலம் வரப்போகிறது. வெந்நீர் அடுப்புக்கு விறகு வேண்டும். விறகு நனையாமல் இருக்க ஓர் அறை வேண்டும். வீட்டுக்கே பொதுவான விஷயம், எந்த மனைவியும் மறுத்துப் பேச முடியாது! பழைய சாமானைக் காவு கொடுத்தாலும் பரவாயில்லை. மூலையில் நாற்காலிக்கு மட்டும் இடம் விட்டு, மிச்சத்தை விறகால் அடைத்துவிட்டால் தையல் மெஷின் எப்படி உள்ளே வரும்?

"நல்ல பெரிய கட்டையா காட்டுங்க," என்றார் கடைக்காரரிடம்.

"பிளந்த விறகே இருக்கு சார். அப்படியே அடுப்புல வைக்கலாம்."

"வேண்டாம். பெருசுதான் வேணும்."

"எவ்வளவு பெருசு?"

"உங்ககிட்ட இருக்கிறதுலயே பெருசு."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கொல்லையில் கிடந்த அடிமரங்களைக் காட்டினார். ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி படுத்திருப்பது போல இருந்தது. பெரிய கட்டையென்றால் அறை சீக்கிரம் நிரம்பும். கண்டக்டரின் கணக்கு அவ்வளவுதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு வண்டி வாடகையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

வண்டி வந்து கட்டைகள் தொம் தொம் என்று பின்முற்றத்தில் விழுந்தன. மனைவி எட்டிப் பார்த்தாள். புயல் வரும் என்று கண்டக்டர் காத்திருந்தார்.

"விறகா? நல்ல காரியம் பண்ணினீங்க."

"நனையாம இருக்க, பின்னறையில அடுக்கலாம்னு..."

"அடுக்குங்க. அதுக்குத்தானே அறை."

கண்டக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு சுலபமா?

"உன் மெஷின்?"

"குளிர்ல வெந்நீர் இல்லாம இருக்க முடியுமா? ஆனா ஒண்ணு. அந்தப் பழைய சாமானோட விறகைச் சேர்த்து வெச்சா எலி குடித்தனம் பண்ணும். முழுக்க ஒழிச்சுட்டு வைங்க."

எலி என்றால் கண்டக்டருக்கு ஆகாது. மறுநாளே பழைய சாமான் வாங்குகிறவர் வந்தார். எதேச்சையாகத்தான் வந்தார் என்று கண்டக்டர் இன்றுவரை நம்புகிறார். குடைக் கம்பி போயிற்று. மின்விசிறி போயிற்று. பெட்டிகள் போயின. நாற்காலியைத் தூக்கியபோது மட்டும் "அது இருக்கட்டும்" என்றார். தூக்கின வேகத்தில் அதன் மூன்றாவது காலும் கழன்று கீழே விழுந்தது. கண்டக்டர் எடுத்துக்கொள் என்று கையைக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறை காலி. முதல் கட்டையை உருட்டிக்கொண்டு போனார். வாசலில் வந்து நின்றது. நிமிர்த்திப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், ஓரமாகத் திருப்பிப் பார்த்தார். கதவு அகலம் கதவு அகலமாகவே இருந்தது.

"நுழையலையா?" சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"நுழையும். கொஞ்சம் வெட்டணும்."

கோடரியை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டார். அது கட்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. இழுத்தார், வரவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தார், அவர்தான் வந்தார். பக்கத்து வீட்டுத் தச்சர் மதில் மேல் கையை ஊன்றி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, முழுக் கட்டையில கோடாலி போட்டா இப்படித்தான். முதல்ல குறுக்கே அறுத்துத் துண்டு போடணும். அப்புறம் துண்டை நிறுத்தி வெச்சுப் பிளக்கணும்."

அவரே மதிலேறி வந்து கோடரியை அசைத்து அசைத்து விடுவித்தார். ஒரு ரம்பமும் கொடுத்தார். ஆள் நீளம், இரண்டு பக்கமும் பிடி.

"ஒரு பிடி நான் பிடிக்கிறேன். இன்னொண்ணு?"

"எனக்குப் பட்டறையில வேலை கிடக்கு. அண்ணி இருக்காங்களே." தச்சர் ஒரு சிறு கட்டையைக் கீழே முட்டுக் கொடுத்து, பெரிய கட்டையின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி உருட்டி வைத்தார். "ஒண்ணே ஒண்ணு. ரெண்டு பேரும் இழுக்க மட்டும்தான் செய்யணும். யாரும் தள்ளக்கூடாது. தள்ளினா வளைஞ்சு சிக்கிக்கும்."

மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"ரைட்!" என்றார் கண்டக்டர், பழக்க தோஷம்.

ரம்பம் அரை அடி போய் நின்றது.

"தள்ளுறீங்க."

"நான் எங்கே தள்ளினேன்? நீதான் இழுக்கல."

"நான் இழுக்கும்போது நீங்க பிடிச்சுக்கிறீங்க. விடுங்க."

"விட்டா எப்படி? பிடி கையை விட்டுப் போயிடும்."

"எங்கேயும் போகாது. நான் இந்தப் பக்கம் பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி சிக்கிக்கொண்டது. பஸ் ஓட்டுகிறவர் முன்னால் இருந்தாலும் எப்போது நிற்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்வது கண்டக்டர்தான். அந்தப் புத்தி கையில் ஏறியிருந்தது. இழுத்து முடித்ததும் சும்மா இருக்கத் தெரியவில்லை. தன் முறை முடிந்த பிறகு சும்மா இருப்பது இத்தனை கஷ்டமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கை பழகியது. அவர் இழுத்தார், விட்டார். அவள் இழுத்தாள், விட்டாள். சர்ரு, சர்ரு என்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. அறுத்த தூள் இரண்டு பக்கமும் குவிந்தது. மெஷின் மிதித்து மிதித்து அவளுக்குச் சீர் என்பது உடம்பிலேயே இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்தது இதுதான் முதல் தடவையோ? அவர் வீட்டுக்கு வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் எழுந்திருக்கும்போது அவர் டிப்போவில் இருப்பார்.

எதிரே பார்த்தார். அவள் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணுல தூள் விழுந்துடுச்சா?"

"இல்லீங்க. வெயில்ல உட்கார்ந்து நாளாச்சு, கூசுது. அந்த நடையில பகல்லயே விளக்கைப் போட்டுத்தானே தைக்கிறேன்."

குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. தினமும் அந்த நடை வழியாகத்தான் அவர் போகிறார், வருகிறார். முட்டியில் இடிக்கிற மெஷினைத் திட்டியிருக்கிறாரே தவிர, அதன் முன்னால் குனிந்திருக்கிறவளின் கண்ணைப் பார்த்ததில்லை. "அறையை நீயே எடுத்துக்கோ" என்கிற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் இத்தனை கட்டையையும் வாங்கிப் போட்ட பிறகு அதை எப்படிச் சொல்வது? வறட்டு கௌரவம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. வார்த்தையை விழுங்கிவிட்டு ரம்பத்தை இழுத்தார்.

"தூள் ஈரமா இருக்கே," என்று கையில் ஒட்டியதை அவள் முகர்ந்து பார்த்தாள். கையைத் தட்டிவிட்டு மறுபடி பிடியைப் பிடித்தாள்.

துண்டு போட்டு முடிக்க வியாழக்கிழமை ஆகிவிட்டது. அப்புறம் துண்டுகளை நிறுத்திவைத்துக் கண்டக்டர் பிளந்தார். கணு இல்லாத இடமாகப் பார்த்துப் போட்டால் பட்டென்று இரண்டாக விழுந்தது. அவருக்கே தன்மேல் மரியாதை வந்துவிட்டது. மனைவி ஒவ்வொன்றையும் எடுத்து அடுப்பு வாய்க்குப் போகுமா என்று அளந்து, "இன்னும் ஒரு போடு" என்று திருப்பிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் முற்றம் நிறைய கச்சிதமான விறகு.

முதல் சுமையைத் தோளில் வைத்துக்கொண்டு கண்டக்டர் பின்னறை வாசலுக்கு வந்தார். மனைவி உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கே கொண்டு வர்றீங்க?"

"இங்கேதான். அடுக்கத்தானே?"

"பச்சை விறகையா?"

"என்னது?"

"பச்சை மரங்க இது. அடைச்ச அறையில வெச்சா பூஞ்சை பிடிச்சுக்கும். வெளியே காத்து படுற மாதிரி அடுக்கி, மேல மட்டும் மூடி வெச்சாத்தான் காயும். வேணும்னா தச்சரைக் கேளுங்க."

கேட்டார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தச்சர் தலையை நீட்டி, "அண்ணி சொல்றது சரிதான் அண்ணே. மதிலோரமா அடுக்குங்க. உள்ளே வெச்சா அடுப்புல புகைதான் வரும், தீ வராது," என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார்.

கண்டக்டர் சுமையை இறக்கினார். மதிலோரம் விறகு, மேலே ஒரு தகரம். அறையோ துடைத்து வைத்தாற்போல் காலி. பெட்டிகள் மறைத்திருந்ததால் அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது. வெயில் தரை முழுக்க விழுந்திருந்தது. சாமானும் போச்சு, நாற்காலியும் போச்சு, அறையும் போகப்போகிறது. ஆப்பசைத்த குரங்கு கதைதான்.

"பச்சை மரம்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"வண்டியில இருந்து விழுந்த சத்தத்துலயே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அறையை ஒழிச்சிருப்பீங்களா?"

அவர் ஜன்னலோரம் போய் நின்றார். கோபம் வருமென்று பார்த்தார், வரவில்லை. உண்மைதான் வந்தது.

"அப்போ நான் எங்கேதான் உட்கார்றது?"

கேட்ட பிறகுதான் குரல் உடைந்திருந்தது தெரிந்தது. மனைவி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் வந்தாள்.

"இதைச் சொல்றதுக்கா இத்தனை கட்டை? வாயைத் திறந்து சொல்லக்கூடாதா? அந்த ஜன்னலுக்குக் கீழே பெஞ்சு போடச் சொல்லியிருக்கேன். பட்டன் தைக்க, சட்டையை எண்ணிக் கட்ட ஆள் வேணாமா? என் எதிர்ல உட்காருங்க."

கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். தூசி என்று சொல்லிக்கொண்டார். தோற்றதுதான் தோற்றோம், கொஞ்சம் கம்பீரமாகத் தோற்போமே என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"சரி, நல்லா யோசிச்சுட்டேன். இந்த அறையை நானே மனசாரக் கொடுக்கிறேன். போய் அந்தத் துணிக்கடைக்காரர்கிட்ட சரின்னு சொல்லிடு."

"அதெல்லாம் கட்டை வந்து இறங்கின அன்னிக்கே சொல்லிட்டேங்க. துணியும் வந்தாச்சு."

"வந்தாச்சா? எங்கே?"

"நம்ம கட்டிலுக்கு அடியில."

இந்த அறைக்குள் அந்த மெஷின் எப்படி வந்துவிடும், பார்த்துவிடுகிறேன் என்று இத்தனை ராத்திரியும் அவர் கறுவிக்கொண்டு புரண்டது அந்தத் துணி மூட்டைகளின் மேல்தான்.