ரோபோக்களுக்கு டோக்கன் கொடுத்தவர்

ராட்சத ரோபோக்களுக்கு வருகைப் பதிவேடு போட்டு, டோக்கன் கொடுத்து, வயது சர்டிபிகேட் கேட்டு வேலை வாங்கிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் ஜப்பானில் இல்லை. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், எங்கள் லைன் வீட்டு வரிசையில், எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் இருக்கிறார். அவருக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ரேஷன் கார்டைத் தவிர யாருக்கும் அது தெரியாது. ஊருக்கே அவர் ‘டைமாபீஸ்’.

சுரங்கம் ஓடிய காலத்தில் அவர் டைம் ஆபீஸில் டோக்கன் கிளார்க். ஷாஃப்டில், அதாவது சுரங்கக் கிணற்றில், இறங்கப் போகிறவருக்கு ஜன்னல் வழியாக நம்பர் போட்ட பித்தளை வில்லை ஒன்றைக் கொடுப்பார். மேலே வந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பலகையில் எல்லா ஆணியிலும் டோக்கன் தொங்கினால் இறங்கியவர்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் ரிஜிஸ்தரை மூடுவார். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. டைமாபீஸ் மட்டும் இன்னும் மூடவில்லை.

நான் அப்போது தினமும் காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் ஒயிட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த ஒருத்தி வெளிநாடு போகும்போது தன்னுடைய வீடியோ கேம் பெட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். கூடவே ஒரே ஒரு கேம். பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு படை, ஆளுக்கொரு ராட்சத ரோபோ. முகத்தில் பாதி கண், காற்றே இல்லாமல் பறக்கிற நீல முடி, நிமிஷத்துக்கு ஒரு கண்ணீர் என்று அசல் ஜப்பான் கார்ட்டூன். அத்தியாயம் அத்தியாயமாகக் கதை போகும், சண்டை போடப்போட ஆட்களுக்குப் பலம் ஏறும். பார்த்த முதல் நாளே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டு டிவியை அம்மா சீரியலுக்குப் பட்டா போட்டு எழுதிக் கொடுத்திருந்தாள்.

டைமாபீஸ் வீட்டிலோ மகள் வாங்கி அனுப்பிய டிவி, சுவரை அடைத்துக்கொண்டு சும்மா கிடந்தது. அவர் மனைவி சரோஜா அத்தையிடம் கேட்டேன். “உனுக்கு இல்லாததா கண்ணு, வந்து ஆடு” என்றார். அந்த வாரமே சர்ச் முடிந்ததும் பாட்டுப் புத்தகப் பையோடு நேரே அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன். டைமாபீஸ் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். திரையில் ஒரு விமானத்தின் வயிறு திறந்து, லிஃப்டில் ரோபோக்கள் இறங்கின. பேப்பர் மெதுவாகத் தாழ்ந்தது.

“இன்னாம்மா இது, கேஜா?”

“லிஃப்ட் மாதிரி மாமா. இதுலதான் ரோபோ கீழ எறங்கும்.”

“அதான் கேஜு, ஷாஃப்டுல ஆள எறக்குற கூண்டு. பெல் யாரு அடிக்கிறது?”

“பெல்லெல்லாம் கிடையாது மாமா.”

“பெல் அடிக்காம ஆள எறக்குவானா? இன்னா மேனேஜ்மெண்டும்மா இது!”

எழுந்து சமையலறைக்குள் போனார். எவர்சில்வர் டம்ளரும் கரண்டியுமாகத் திரும்பி வந்தார். டங், டங், டங். “மூணு அடிச்சா ஆள் போறான்னு அர்த்தம். இப்ப எறக்கு.”

அன்றிலிருந்து மூன்று மணி அடிக்காமல் எங்கள் ரோபோக்கள் எந்தக் கிரகத்திலும் கால் வைத்ததில்லை. சரோஜா அத்தை வீட்டில் காபி டம்ளர் ஒன்றுகூட நசுங்காமல் இருக்காது.

அடுத்த ஞாயிறு போனால் டிவி பக்கத்துச் சுவரில் ஒரு பலகை, அதில் பன்னிரண்டு ஆணி, ஆணிக்கு ஒரு சோடா மூடி. மூடிகளில் கேட்டுக்கு அடித்த பச்சை பெயிண்டில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர். ரோபோ இறங்கினால் அதன் மூடியைக் கழற்றுவார், திரும்பினால் மாட்டுவார். ஜப்பான் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. கேமில் பெயரை மாற்றிக்கொள்ள வசதி இருந்தது தெரிந்ததும் விடுவாரா? இளவரசி கிருஷ்ணவேணி ஆனாள். கறுப்புக் கண்ணாடிக்காரன் ஜான்சன் ஆனான். ஒன்பதாம் நம்பர், தாடி வைத்த ஒரு மெக்கானிக். அவனைப் பார்த்ததும் டைமாபீஸ் சிரித்துவிட்டு, “இவன் ஆறுமுகம்” என்றார். ஏன் என்று கேட்டால், ரிஜிஸ்தராக வைத்திருந்த நோட்டில் அந்தப் பெயரை எழுத ஆரம்பித்துவிட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கதாநாயகன் விஷயத்தில்தான் என் பொறுமை போனது. அட்டைப்படத்தில் நடுவில் வாளோடு நிற்பவன் அவன். அவன் விவரப் பக்கத்தில் ‘வயது பதினாறு’ என்று போட்டிருந்தது. டைமாபீஸ் அவனுடைய மூடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“பதினெட்டு ஆவாத பையன அண்டர்கிரவுண்டு அனுப்பக் கூடாது. சட்டம்.”

“மாமா, அவன்தான் ஹீரோ!”

“ஹீரோவா இருந்தா வூட்டுல இருக்கட்டும். ஸ்கூலுக்குப் போவட்டும்.”

அவன் இறங்காமல் கதை நகராது. இரண்டு ஞாயிறு உலகம் அழிவின் விளிம்பிலேயே நின்றது. கடைசியில் நான் அவரிடம், “நீங்க எந்த வயசுல சேந்தீங்க மாமா?” என்று கேட்டேன். உள்ளேயிருந்து சரோஜா அத்தை, “பதினேழு! பதினெட்டுன்னு பொய் சொல்லி சேந்தாரு!” என்று குரல் கொடுத்தார். டைமாபீஸ் சட்டைப் பையிலிருந்து மூடியை எடுத்தார். பிறகு நோட்டில் ‘வயது 18’ என்று எழுதி, மூடியை ஆணியில் மாட்டிவிட்டு, “யார்னா கேட்டா நீதான் சொன்னன்னு சொல்லிடுவேன்” என்றார்.

அதோடு ஷிஃப்ட் முறையும் வந்தது. ஒரு சண்டையில் இறங்கியவனுக்கு அடுத்த சண்டையில் ரெஸ்ட். பலசாலிகளை மட்டும் அனுப்பிச் சட்டென்று ஜெயிக்க வேண்டும் என்பது என் திட்டம். அவரோ பன்னிரண்டு பேருக்கும் முறை வைத்து, தும்மினால் விழுகிற ஆட்களையும் எதிரி முன்னால் நிறுத்துவார். ஒரு ரோபோ அடிபட்டு விழுந்தால் போச்சு. அது அடுத்த அத்தியாயத்தில் ரிப்பேராகி வந்துவிடும் என்று சத்தியம் செய்தாலும் கேட்கமாட்டார். பெட்டியை அணைத்துவிட்டு அத்தியாயத்தை முதலிலிருந்து ஆட வேண்டும். மற்றவர்கள் இருபது நாளில் முடிக்கிற கேமை நாங்கள் இரண்டு மழைக்காலமாக ஆடினோம்.

இதற்கு நடுவே ஒரு திங்கட்கிழமை காலை, ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்த என்னைத் தன் வீட்டு கேட்டில் நிறுத்தினார். கையில் ஒரு சோடா மூடி. நம்பர் பதிமூன்று.

“கிரேஸு, டோக்கன்.”

“மாமா, நான் ஒயிட்ஃபீல்டு போறேன். அண்டர்கிரவுண்டு போவல.”

“பெங்களூரு டிராஃபிக்குக்கு அண்டர்கிரவுண்டே மேலு. புடி. வரசொல்ல குடுத்துட்டுப் போ.”

ஸ்டேஷனுக்குப் போகிற லைன் சனமெல்லாம் வேடிக்கை பார்த்தது. எனக்கு மானம் போனது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் ரயில் தாமதமாகும் நாட்களில் மனிதர் காபிகூடக் குடிக்காமல் கேட்டிலேயே நிற்பார். நான் மூடியை நீட்டியதும், “சரி” என்று ஒரு சொல். உள்ளே போய்விடுவார்.

இப்படி ஊர்ந்து ஊர்ந்து இருபதாம் அத்தியாயம் வந்தது. ஒரு பெரிய சுரங்கப் பாதை இடிந்து விழுகிறது. எல்லாரும் தப்பிப் போக வேண்டுமென்று ஒன்பதாம் நம்பர் ஆறுமுகம் தன் ரோபோவின் முதுகில் கூரையைத் தாங்கி நிற்கிறான். பதினொரு பேர் வெளியே வந்ததும் பாதை மூடிக்கொள்கிறது. சோகமான வயலின், எல்லார் கண்ணிலும் கண்ணீர். எனக்கும்தான்.

டைமாபீஸ் பலகையைப் பார்த்தார். ஒன்பதாம் ஆணி காலி.

“திருப்பி ஆடு.”

ஆடினோம். மறுபடியும் இடிந்தது. எட்டு தடவை ஆடினோம், எட்டு தடவையும் இடிந்தது.

“மாமா, கதையே அப்படித்தான். யார் ஆடினாலும் அவன் செத்துடுவான்.”

“பாடிய பாத்தியா?”

“இல்ல...”

“டோக்கன் வரல. அவ்ளோதான் நமக்குத் தெரியும். டோக்கன் வரலன்னா ஆள் போய்ட்டான்னு அர்த்தமில்ல. திருப்பி ஆடு.”

மூன்று ஞாயிறு இதே கூத்து. நாலாவது ஞாயிறு எனக்குத் தலைக்கேறிவிட்டது. “டிவில வர்ற பொம்மைக்கு எதுக்கு மாமா இந்த அழிச்சாட்டியம்! எனக்குக் கதை முடியணும்!” என்று கத்திவிட்டு, வயர்களைப் பிடுங்கி, பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மறுநாள் காலையிலும் அவர் கேட்டில் நின்றார். பதிமூன்றாம் மூடியை நீட்டினார். நான் வாங்காமல் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் பங்காருபேட்டை தாண்டும் வரை எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

அன்று சாயங்காலம் சரோஜா அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். “ஆறுமுகம் யாருன்னு தெரியுமா உனுக்கு?” என்று ஆரம்பித்தார்.

ஆறுமுகம் நிஜ ஆள். ஒருநாள் காலை ஷிஃப்ட் முடிந்து பலகையில் ஒரு டோக்கன் குறைந்தது. சங்கு ஊதி, ரெஸ்க்யூ ஆட்கள் கீழே இறங்கி லெவல் லெவலாகத் தேடினார்கள். ஷாஃப்ட் வாசலில் ஊரே கூடிவிட்டது. ஆறுமுகத்தின் பெண்டாட்டி மண்ணில் விழுந்து புரண்டாள். டைமாபீஸ் மட்டும் ரிஜிஸ்தரைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலை விட்டு நகரவில்லை. இருட்டுகிற நேரத்தில் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒருத்தன் வேர்க்கடலை கொறித்துக்கொண்டே, “இன்னாப்பா கூட்டம், யாரக் காணோம்?” என்று கேட்டிருக்கிறான்.

ஆறுமுகம்! டோக்கனைப் பையில் போட்ட ஞாபகமே இல்லாமல், புதுப்படம் என்று நேராக ராபர்ட்சன்பேட்டைக்கு மேட்னிக்குப் போய்விட்டான். பெண்டாட்டி அழுகையை நிறுத்திவிட்டு அவனை அடித்த அடியில்தான் அவனுக்கு நிஜமாகவே ஆஸ்பத்திரி தேவைப்பட்டதாம். டைமாபீஸ் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னாடா, படம் எப்படி?” என்று கேட்டு டோக்கனை வாங்கி ஆணியில் மாட்டினாராம்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அத்தையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, “டோக்கன் வராத மத்த தடவையெல்லாம் யாரும் படத்துக்குப் போவல கண்ணு. அத அவரு பேச மாட்டாரு” என்றார்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தையோடேயே கிளம்பினேன். டைமாபீஸ் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். “மாமா, அவன் செத்துட்டான்னு நான் சொல்லல. ஆணி காலியாவே இருக்கட்டும், ரிஜிஸ்தர மூட வேணாம். நாம மேல ஆடிப் பாக்கலாம். வந்தா வரட்டும்” என்றேன். பேப்பர் தாழ்ந்தது. யோசித்தார். டம்ளரையும் கரண்டியையும் எடுத்தார்.

இருபத்து நாலாம் அத்தியாயம். எதிரிகள் எங்களைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். அப்போது தரை வெடித்தது. ஒற்றைக் கையோடு, உடம்பெல்லாம் மண்ணாக, ஒரு ரோபோ வெளியே வந்தது. உள்ளே தாடி! நான் நாற்காலியில் ஏறி நின்று கத்தினேன். சரோஜா அத்தை அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடிவந்து, “ஐயோ, என் ராசா வந்துட்டான்!” என்று கைதட்டினார்.

டைமாபீஸ் அசரவே இல்லை. ஒன்பதாம் மூடியை எடுத்து ஆணியில் மாட்டினார். திரையைப் பார்த்து, “இன்னாடா, படம் எப்படி?” என்றார். பிறகு நோட்டை மூடிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். ரொம்ப நேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

பிறகு நான் இணையத்தில் தேடிப் பார்த்தேன். அதுவரைக்கும் ஒரு ரோபோகூட விழாமல், பன்னிரண்டு பேருக்கும் சமமாக முறை வைத்து ஆடியிருந்தால் மட்டும்தான் ஒன்பதாம் நம்பர் திரும்பி வருவானாம். அப்படி யாரும் ஆடமாட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் லைனுக்கு வந்து பார் என்று பதில் போடலாமா என்று கை துறுதுறுத்தது.

கல்யாணமாகி பெங்களூருக்கே குடிபோன அன்று பெட்டியை அவருக்கே கொடுத்துவிட்டேன். இப்போது பன்னிரண்டு பேரையும் முதலிலிருந்து மறுபடி இறக்கிக்கொண்டிருக்கிறார். நான் குடிபோன அன்றைக்கும் வழக்கம்போல கேட்டில் பதிமூன்றாம் மூடியைக் கொடுத்தார். ஞாயிறு தவறாமல் போன் வரும்.

“பதிமூணு, படம் வுட்டாச்சா?”

“இன்டர்வல்தான் மாமா.”

“சரி, சரி. ஜன்னல் தெறந்துதான் கீது.”

அவர் டோக்கன் கொடுக்கிற காலத்தில் மானம் போகிறது என்று புலம்பியவள் நான். இப்போது ஊரிகம் போகும்போதெல்லாம் அந்தச் சோடா மூடியைக் கைப்பையின் அடியில் ஒளித்து வைத்துக்கொள்கிறேன். கொடுத்துவிட்டால் மனிதர் ரிஜிஸ்தரை மூடிவிடுவாரே.