முன்தேதியிட்ட இரண்டாம் மாடி

காலனை வென்றவர்கள் புராணத்தில் இருக்கிறார்கள். காலத்தையே வென்றவர் திருவனந்தபுரத்தில், ஒரு மென்பொருள் கம்பெனியின் ஏழாம் மாடியில் இருக்கிறார்: திட்ட மேலாளர் மகேஷ்குமார்.

சாலை பஜாரில் பிச்சைக்கனி அண்ணாச்சியின் ஜவுளிக்கடை லிஃப்டை இயக்குவது இந்தக் கம்பெனி எழுதிய நிரல்தான். அதில் ஒரு 'சிறு' பிழை. இரண்டை அழுத்தினால் மூன்றாம் மாடிக்குப் போகும். பட்டுச்சேலை முழுக்க இரண்டில். ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்தம் நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. கூடவே மகேஷ்குமாரின் நாற்காலியும்.

நிரல் எழுதும் ஜெபமலர் பிழைதிருத்தும் 'பேட்ச்' எழுதி முடித்தபோது, ஆபீஸ் வாசலில் போட்ட அத்தப் பூக்களம் வாடிவிட்டது. மேலாளர் கலங்கவில்லை. 'கால ஒத்திசைவுக் கூட்டம்' கூட்டினார். வந்தது ஜெபமலர் மட்டும்.

"மோளே, பேட்ச் போட்டா கோப்புல இன்னைக்குத் தேதி விழும், அல்லே?"

"ஆமா சாரே."

"அதை அத்தத்துக்கு முந்தின நாளாக்கு."

"சாரே, கோப்பையெல்லாம் சேத்து லிஃப்டுல ஓடுற நிரலாக்குற பில்ட் ஒண்ணு அத்தத்தன்னைக்கே ஓட்டியாச்சு. பில்ட் கருவி தேதியைத்தான் பாக்கும். கோப்பு அதைவிடப் பழசுன்னா, ஏற்கெனவே சேத்ததுன்னு தொடாம விட்டுரும்."

"மெஷினுக்கு அத்தனை விவரம் கிடையாது, கேட்டோ."

"எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து பில்ட் பண்ணட்டா?"

"ஐயோ! அப்ப அதுல இன்னைக்குத் தேதி விழுமே!"

ஒரே நொடியில் கோப்புக்கு வயது கூடியது. கருவி ஓடி, உடனே நின்று, திரையில் அறிவித்தது: 'எல்லாம் நடப்பில் உள்ளது. செய்ய ஒன்றுமில்லை.'

"பாத்தியா? மெஷினே சர்ட்டிபிகேட் தருது!" மகேஷ்குமாருக்குக் கண் கலங்கியது.

மறுநாள் கடையில், மடிக்கணினியைத் திறந்து கோப்பின் தேதியை அண்ணாச்சியிடம் பவ்யமாகக் காட்டினார். "அத்தத்துக்கு முந்தியே சரி பண்ணியாச்சு அண்ணாச்சி."

இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். மகேஷ்குமார் தன் கையாலேயே இரண்டை அழுத்தினார். லிஃப்ட் கம்பீரமாக உயர்ந்தது. கதவு திறந்தது. எதிரே ஜட்டி, பனியன். மூன்றாம் மாடி.

அண்ணாச்சி நிதானமாகத் தலையாட்டினார். "வே, நானும் பழைய சேலைக்குப் புதுத் தேதி ஒட்டி வித்தவன்தான். புது வேலைக்குப் பழைய தேதி ஒட்டி, ரெண்டையும் கெடுத்த ஆளை இப்பத்தான் பாக்கேன்."

"அண்ணாச்சி, ஒரே ஒரு நாள் அவகாசம்..."

"எதுக்கு வே? ஒப்பந்தத்தைத்தான் ரத்து பண்ணியாச்சே."

"எப்ப அண்ணாச்சி?"

"உம்ம கோப்புல கிடக்கே, அதே தேதியில."